நள்ளிரவில் குழந்தையோடு மருத்துவமனைக்கு: பகலிலேயே செய்து வைக்க வேண்டியவை

வீட்டுக் கடனுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும், நகைக் கடனுக்கு என்னென்ன வேண்டும் என்று எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் நாள்தோறும் கேட்கின்றனர். நோயுற்ற குழந்தையை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல என்னென்ன ஆயத்தம் வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. என் வீட்டில் அது நிகழும் வரை நானும் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

நாக்பூரில் நான் பணியாற்றிய காலம் அது. டிசம்பர் மாதக் குளிர். கிளைத் தணிக்கைக்காகச் சந்திரபூர் சென்று அங்கேயே தங்கியிருந்தேன். வீட்டில் மனைவியும் இரண்டு வயது மகளும் மட்டுமே இருந்தனர். மாலையில் மகளுக்குச் சிறிது சளி இருந்தது. இரவு ஒரு மணியளவில் திடீரென விழித்து இருமத் தொடங்கினாள். நாய் குரைப்பதைப் போன்ற இருமல். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் கரகரவென்ற ஒலி எழுந்தது. விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்வாங்கியது.

மனைவி என்னைக் கைபேசியில் ஏழு முறை அழைத்திருந்தார். நானோ ஒலியை அடக்கிவிட்டு உறங்கிக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்பதற்காக அவர் அழைக்கவில்லை. போயாக வேண்டும் என்பது குழந்தையைப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பதற்காகவே அழைத்தார். அவருடைய கணக்கில் அன்று மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. குடும்பத்தின் எஞ்சிய சேமிப்பு முழுவதும் என் பெயரில் மட்டும் உள்ள கணக்கிலும், என் பெயரில் மட்டும் உள்ள நிரந்தர வைப்பிலும் இருந்தது. புதிய ஊர்; மொழியும் அவருக்குச் சரளமாக வராது. என் பதிலுக்காகக் காத்திருந்து இருபது நிமிடங்கள் கழிந்தன. பின்னர் அடுத்த வீட்டு மராட்டிய அம்மையாரின் கதவைத் தட்டினார். அவர்தாம் பணமும் எடுத்துக்கொண்டு, ஆட்டோவும் பிடித்து உடன் சென்றார்.

முதலில் போன மருத்துவமனையில் இரவில் குழந்தை மருத்துவர் இல்லை. வேறொன்றுக்கு அனுப்பினர். அங்கே போய்ச் சேர்ந்ததும் முன்பணம் எதுவும் கேட்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டனர். விடிவதற்குள் மகள் அமைதியாக உறங்கிவிட்டாள். அவளுக்கு வந்தது 'குரூப்' என்னும் நோய். வைரஸ் தொற்றால் குரல்வளையும் அதன் கீழுள்ள மூச்சுக்குழாயும் வீங்கி, காற்று செல்லும் வழி குறுகிவிடுகிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கே பெரும்பாலும் வருகிறது, இரவில்தான் கடுமையாகும்.

மகள் நலமடைந்தாள். ஆனால் அந்த இருபது நிமிடங்களை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. கூட்டுக் கணக்கின் நன்மைகளை வாடிக்கையாளர்களுக்கு எடுத்துரைத்துவந்த நான், என் வீட்டில் அதைச் செய்யவில்லை. நள்ளிரவில் ஒரு தாய் எண்ணிப் பார்க்க வேண்டியது குழந்தையின் மூச்சை மட்டுமே. பணம், அட்டை, முகவரி, காப்பீடு ஆகியவை பற்றிய முடிவுகள் அதற்கு முன்பே, ஏதோ ஒரு பகற்பொழுதில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றையும் செய்து வைத்தவற்றையும் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

காலை வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல் அடிக்கும் எல்லாக் குழந்தைகளையும் இரவோடு இரவாகக் கொண்டு செல்ல வேண்டியதில்லை. காய்ச்சல் இருந்தும் குழந்தை பால் அல்லது நீர் அருந்துகிறது, சிறுநீர் கழிக்கிறது, வெப்பம் சற்றுத் தணிந்ததும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது என்றால் பெரும்பாலும் காலையில் மருத்துவரைப் பார்க்கலாம். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கலாகாது.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இந்த வயதில் வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

மூச்சு விடுவதில் சிரமம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்குதல், குழந்தை அமைதியாக இருக்கும்போதும் தொண்டையில் ஒலி கேட்டல், உதடு அல்லது நாக்கு நீலம் பாரித்தல், எச்சிலை விழுங்க இயலாமல் ஒழுகவிடுதல் ஆகியவை அபாயக் குறிகள். குழந்தை உறங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறைப்படி இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு முதல் பதினொரு மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு.

பால், நீர் எதையும் அருந்த இயலாமை; குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தல்; எழுப்பினாலும் விழிக்காத அளவுக்குச் சோர்வு.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கையில் ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, கண்கள் குழிவிழுதல், அழுதாலும் கண்ணீர் வராமை. இவை உடலில் நீர் வற்றியதைக் காட்டுபவை.

வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் சிலருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ விரலோ நீரோ எதையும் வைக்கலாகாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலும் பயனில்லை. தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது பெரும் அவசரம். விரைவில் நின்றுவிட்டாலும் முதன்முறை வந்த வலிப்பெனில் அன்றிரவே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள் காய்ச்சலோடு தோன்றுதல்.

இவை தவிர, "இவள் எப்போதும் இப்படி இருக்க மாட்டாள்" என்று தாய்க்குத் தோன்றுவதையும் ஓர் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

புறப்படும்போது

108 என்ற எண் தமிழகம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்களில் அவசர ஊர்திக்கு உரியது. 112 நாடு முழுவதற்குமான அவசர உதவி எண். மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால், ஆக்சிஜன் உள்ள ஊர்தியில் செல்வதே நல்லது. ஊர்தி வரத் தாமதமாகும் இடத்தில் சொந்த வாகனத்திலோ ஆட்டோவிலோ செல்ல நேர்ந்தால், ஓட்டுபவர் ஒருவராகவும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும்.

மூச்சுத் திணறும் குழந்தையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி அமர்த்திக்கொள்ள வேண்டும். அழவிடுவது திணறலைக் கூட்டும். தொண்டைக்குள் என்ன இருக்கிறதென்று கரண்டியை விட்டுப் பார்க்க முயலக் கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கான இருமல் மருந்தைக் கொடுக்கவே கூடாது.

கொடுத்த மருந்துகளின் புட்டிகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். "காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுத்தோம்" என்று சொன்னால் மருத்துவருக்கு அளவு தெரியாது. பாரசிட்டமால் குழந்தை மருந்தில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். இம்மருந்தின் அளவு குழந்தையின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது: ஒருவேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆதலால் குழந்தையின் அண்மைக்கால எடையைப் பெற்றோர் இருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

வங்கிக் கவுன்ட்டரில் முதலில் வந்தவருக்கு முதலில் பணி நடக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த முறை இல்லை. செவிலியர் முதலில் குழந்தையின் மூச்சு, நாடித்துடிப்பு, வெப்பம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகமோ அவரை முதலில் உள்ளே அனுப்புவார். நமக்குப் பின்னால் வந்தவர் முன்னே அழைக்கப்பட்டால், நம் குழந்தையின் நிலை அந்த அளவுக்கு மோசமில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். காத்திருக்கும் நேரத்தில் குழந்தையின் நிலை மாறினால் வரிசையைப் பார்த்துத் தயங்காமல் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மருத்துவர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றே: வயது, எடை, எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, எந்த மருந்தாவது ஒவ்வாதா. விடைகளை வழியிலேயே கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டால் பதற்றத்தில் மறந்துபோகாது. மொழி தெரியாத ஊரில் இருப்பவர்களுக்கு அந்தக் குறிப்பு இன்னும் அதிகமாக உதவும். அதைக் காட்டினாலே போதும்.

என் மகளுக்கு டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து ஒருவேளை கொடுத்து, நெபுலைசர் வழியாக அட்ரினலின் தந்தனர். அதன் பின் சில மணி நேரம் அங்கேயே வைத்துக் கவனித்தனர். நெபுலைசரின் பயன் குறைந்ததும் திணறல் திரும்பக்கூடும் என்பதே அதற்குக் காரணம். குழந்தை தேறிவிட்டதே, வீட்டுக்குப் போகலாமே என்று அந்நேரத்தில் அவசரப்படலாகாது. திரும்பும் முன், எந்த அறிகுறி தெரிந்தால் மீண்டும் வர வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் பணமில்லையே என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உயிரைக் காக்கும் உதவியைச் செய்வது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் அனைவருக்கும் உரிய கடமை என்று 1989-ஆம் ஆண்டு பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் இரவு முழுவதும் இயங்குகின்றன. சென்னை எழும்பூரிலுள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையைப் போலக் குழந்தைகளுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனைகளும் உண்டு. உங்கள் ஊரில் எந்த மருத்துவமனையில் இரவில் குழந்தை மருத்துவர் பணியில் இருக்கிறார் என்பதைப் பகலில் நேரில் சென்று கேட்டு, அங்கேயே தொலைபேசி எண்ணையும் பெற்று வாருங்கள். இரவில் இணையத்தில் தேடி எடுக்கும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கக்கூடும். பதிவுக்கென்று இணைப்பை அனுப்பிச் சிறுதொகை செலுத்தச் சொன்னால் செலுத்தாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பணத்துக்கான ஆயத்தம்

இது என் துறை. இதில்தான் நான் தவறினேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, கணவன் மனைவி இருவரும் தனித்தனியே இயக்கக்கூடிய ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு. கணக்கு தொடங்கும் படிவத்தில் 'இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்' என்ற முறையைத் தெரிவு செய்ய வேண்டும். 'இருவரும் சேர்ந்து' என்ற முறையில், ஒருவர் வெளியூரில் இருக்கும்போது மற்றவரால் பணம் எடுக்க இயலாது. "மனைவியின் பெயரை நியமனதாரராகக் கொடுத்திருக்கிறேனே" என்று சிலர் கூறுகின்றனர். கணக்குதாரர் உயிருடன் இருக்கும்வரை நியமனதாரர் அக்கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது.

இரண்டாவது, இருவருக்கும் தனித்தனி அட்டை. கணவரின் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் மனைவியிடம் கொடுத்து வைப்பதே பல வீடுகளில் வழக்கம். வங்கி விதிகளின்படி ரகசிய எண்ணை வாழ்க்கைத் துணையுடனும் பகிரக் கூடாது. அப்படிப் பகிர்ந்தபின் ஏதேனும் பிழை நேர்ந்தால் இழப்பைக் கோருவதும் கடினமாகிவிடும். கூட்டுக் கணக்கில் இரண்டாவது அட்டைக்கு விண்ணப்பித்தால் இந்தச் சிக்கல் எழாது.

மூன்றாவது, யுபிஐ வசதியை இருவரின் கைபேசியிலும் இப்போதே பதிவு செய்து பயன்படுத்திப் பார்த்தல். புதிதாகப் பதிவு செய்த கைபேசியில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரையே அனுப்ப முடியும். மருத்துவமனை வாயிலில் நின்று பதிவு செய்தால் அன்றிரவுக்கு அது போதாமல் போகலாம். மருத்துவமனைகளுக்கு யுபிஐ வழியே செலுத்தும் தொகையின் உச்சவரம்பை 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. எனினும் உங்கள் கணக்குக்கு உரிய வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும், செயலியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வெளியூரிலிருந்து பணம் அனுப்புதல். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் முறையும் 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். முறையும் இரவு பகலாக எல்லா நாளும் இயங்குகின்றன. ஆனால் புதிதாகச் சேர்க்கப்படும் பெறுநருக்கு முதல் சில மணி நேரம் தொகை வரம்பு விதிப்பது வங்கிகளின் வழக்கம். அவசரத்தில் உதவக்கூடிய உறவினர்கள் ஒருவரையொருவர் முன்னரே பெறுநராகச் சேர்த்து வைத்துக்கொள்வது நன்று.

ஐந்தாவது, நிரந்தர வைப்பு. வலைவங்கியிலோ செயலியிலோ தொடங்கிய வைப்பை அதிலேயே முன்கூட்டி முடித்துக்கொள்ளும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. கிளையில் ரசீதாகப் பெற்ற வைப்புக்குக் கிளை திறக்கும் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே அவசரத்துக்கென ஒதுக்கும் தொகையை எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கிலேயே வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் 25,000 ரூபாயை அவ்வாறு கூட்டுக் கணக்கில் ஒதுக்கினோம். அதைத் தவிர, தடுப்பூசி அட்டை இருக்கும் உறையிலேயே 5,000 ரூபாய் ரொக்கமும் வைத்தோம். இரவில் ஆட்டோக்காரருக்கும் மருந்துக் கடைக்கும், இணையம் வேலை செய்யாத வேளைக்கும் ரொக்கமே கைகொடுக்கும்.

காப்பீடு எங்கே உதவும், எங்கே உதவாது

அன்றைய மருத்துவச் செலவு 6,400 ரூபாய். எங்களுக்குக் குடும்ப மருத்துவக் காப்பீடு இருந்தது. ஆயினும் அத்தொகையை எங்களால் கோர முடியவில்லை. மகள் அவசரப் பிரிவில் சில மணி நேரமே இருந்தாள், உள்நோயாளியாகச் சேர்க்கப்படவில்லை. மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை, குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், பட்டியலிடப்பட்ட சில பகல்நேரச் சிகிச்சைகளுக்குமே பொருந்தும். புறநோயாளிச் செலவுக்குத் தனிப் பிரிவு சேர்த்திருந்தாலன்றி இழப்பீடு கிடைப்பதில்லை. குழந்தைகளின் நள்ளிரவு வருகைகள் பலவும் சேர்க்கை இல்லாமலேயே முடிகின்றன. காப்பீடு இருந்தும் தனியே அவசர நிதி வேண்டும் என்று நான் கூறுவது இதனால்தான்.

குழந்தையைச் சேர்க்க நேர்ந்தால் காப்பீட்டின் உதவி பெரிது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், வீடு திரும்புகையில் இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டுள்ளது. அவசரச் சேர்க்கையைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப் பெரும்பாலும் 24 மணி நேரக் கெடு இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன உள்ளதென்று பார்த்துக்கொள்ளுங்கள். அறை வாடகைக்கு வரம்பு உள்ள ஒப்பந்தமெனில், வரம்புக்கு மேற்பட்ட அறையை எடுத்தால் வாடகை வேறுபாட்டோடு பிற கட்டணங்களிலும் ஒரு பங்கை நாமே ஏற்க நேரிடும்.

குழந்தையின் பெயர் ஒப்பந்தத்தில் உள்ளதா என்பதையும் சரிபாருங்கள். குழந்தை பிறந்துவிட்டதால் மட்டும் அதன் பெயர் தானாகச் சேர்ந்துவிடுவதில்லை. பல ஒப்பந்தங்கள் 91-ஆம் நாளிலிருந்தே குழந்தையை ஏற்கின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உதவி உண்டு. உறுப்பினர் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் வரம்பில்லை. தமிழகத்தில் இது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடைபெறுகிறது.

சேர்க்கை இல்லாவிட்டாலும் ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு அனைத்தையும் பாதுகாத்து வையுங்கள். அடுத்த சில நாட்களில் அதே நோய்க்காகக் குழந்தையைச் சேர்க்க நேர்ந்தால், சேர்க்கைக்கு முந்தைய செலவாக அவற்றைக் கோர இடமுண்டு. பல ஒப்பந்தங்களில் அதற்கு 30 நாள் வரை அனுமதி உள்ளது.

ஓர் உறை போதும்

இவ்வளவும் செய்து முடிக்க எங்களுக்கு ஒரு சனிக்கிழமையும், கிளையில் அரை மணி நேரமும் போதுமானதாக இருந்தது. தடுப்பூசி அட்டை, குழந்தையின் எடையும் ஒவ்வாமையும் எழுதிய தாள், காப்பீட்டு அட்டையின் நகல், பெற்றோர் அடையாள அட்டையின் நகல், இரவில் குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனையின் முகவரியும் எண்ணும், அடுத்த வீட்டாரின் எண், ரொக்கம் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வாயிற்கதவின் அருகே தொங்கவிட்டோம். எடையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தி எழுதினோம்.

அடுத்த குளிர்காலத்தில் மகளுக்கு அதே இருமல் மீண்டும் வந்தது. அன்றும் நான் ஊரில் இல்லை. பயிற்சிக்காக இரவு ரயிலில் சென்றுகொண்டிருந்தேன். வழியில் பல மணி நேரம் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. விடியற்காலையில் இரண்டு குறுஞ்செய்திகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, கூட்டுக் கணக்கிலிருந்து மருத்துவமனைக்குப் பணம் செலுத்தப்பட்டதாக வங்கி அனுப்பியது. மற்றொன்று மனைவி அனுப்பியது: "வீட்டுக்கு வந்துவிட்டோம். தூங்குகிறாள். நீங்கள் பதற வேண்டாம்."

எத்தனை நிமிடம் தாமதித்தாய் என்று ஊர் திரும்பியதும் கேட்டேன். "எதற்குத் தாமதிக்க வேண்டும்?" என்றார்.